சாகாமல் முடிந்த முதல் படம்

பங்குக் கோயிலில் கிறிஸ்துமஸ் நாடகம். மூன்று ராஜாக்களுக்கும் தாடி ஒட்டிவிடும் வேலை என்னிடம் வந்தது. பசைக் குப்பியைத் திறந்ததும் காரமாய் ஒரு வாடை. ஷூட்டிங் முடிந்து வரும் நாட்களில் உங்கள் மேலுதட்டில் இருந்த வாடை. ராஜா கன்னத்தைக் காட்டியபடி காத்திருந்தார். நான் உங்களிடம் போய்விட்டிருந்தேன்.

சூரமங்கலத்தில் ஸ்டேஷன் வாசலில் ஜட்கா ஓட்டியவரின் மகன் நீங்கள். நடை பழகும் முன்பே குதிரை ஏறியவன் என்பார் உங்கள் அப்பா. சேலத்து ஸ்டுடியோவில் தொப்பியும் துப்பாக்கியுமாய்க் குதிரைப் படங்கள் எடுக்கத் தொடங்கியபோது அதனால்தான் உங்களைக் கூப்பிட்டார்கள். தோல் சட்டை, ஒட்டு மீசை, வில்லனின் ஆட்களில் ஒருவர். வசனம் கிடையாது. கதாநாயகன் சுட்டதும் ஓடுகிற குதிரையிலிருந்து விழுந்து சாக வேண்டும். கல்யாணமான புதிதில் நீங்கள் கூட்டிப்போன எல்லாப் படத்திலும் செத்தீர்கள். நான் கண்ணை மூடிக்கொள்வேன். நீங்களோ பக்கத்தில் கடலை கொறித்துக்கொண்டு, "செத்தாச்சு புள்ள, கண்ணத் தொற" என்பீர்கள்.

பனமரத்துப்பட்டி ஏரிக்கரையில் படம் பிடித்த அன்று, ஸ்டுடியோ ஆள் ஒருவர் சைக்கிளில் வீட்டுக்கு வந்தார்.

"அக்கா, அண்ணன் உழுந்துட்டாருங்க."

"உழுகறதுதானுங்க அவங்க வேலையே" என்று சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. "எந்திரிக்கலீங்க அக்கா."

ஆஸ்பத்திரி போகும் வழியெல்லாம் மாதாவிடம் ஒன்றைத்தான் கேட்டேன், உயிர் இருக்க வேண்டும் என்று. இருந்தது. சேற்றில் சறுக்கிய குதிரை உங்கள் இடுப்பின் மேலேயே சாய்ந்துவிட்டதாம். "கட் சொன்னதுக்கு அப்புறமும் எந்திரிக்க முடியல, புள்ள" என்றீர்கள்.

இனிக் குதிரை ஏறவே கூடாது என்றார் டாக்டர். எனக்கு அது நல்ல சேதி. நீங்கள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டீர்கள். மாவுக்கட்டு பிரித்த பிறகும் அப்படித்தான். தெருவில் ஸ்டுடியோ வேன் சத்தம் கேட்டால் எழுந்து ஜன்னலைச் சாத்துவீர்கள்.

டைரக்டர் சாத்துக்குடியோடு வீடு தேடி வந்தபோது எனக்குப் பயம்தான்.

"அடுத்த படத்துல குதிரை பூட்டின தபால் வண்டி ஓட்டறவர் வேஷம். உக்காந்து ஓட்டினாப் போதும். வசனமும் இருக்கு."

"நான் எப்பங்க சாகறது?" என்று கேட்டீர்கள்.

"சாகவே வேண்டாம்யா. கடைசியில பொண்ணு மாப்பிள்ளையை ஏத்திக்கிட்டுப் போறதே நீதான்."

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். "போயிட்டு வாங்க" என்றேன்.

அந்தப் படத்தை முழுக்கக் கண் திறந்து பார்த்தேன். தூசி கிளப்பிக்கொண்டு வண்டி போய் மறைய, திரையில் 'வணக்கம்' விழுந்தது. வெளியே வந்ததும் கூட்டத்தில் யாரோ, "தபால் வண்டிக்காரரே!" என்று கூப்பிட்டார்கள். அத்தனை படத்தில் செத்தும் அதுவரை உங்களை அடையாளம் கண்டவர் ஒருவர்கூட இல்லை. இல்லாத தொப்பியைத் தூக்கிக் காட்டினீர்கள்.

அதன்பின் பல வருஷம் உட்கார்ந்து செய்யும் வேஷங்கள்: நீதிபதி, கடைக்காரர், சூதாடி. வயதாகி, நம் வீட்டுக் கட்டிலில், நான் பக்கத்தில் இருக்கும்போதுதான் போனீர்கள். அழுதேன். ஆனாலும் அன்றைக்கு ஏரிக்கரையிலேயே போய்விடவில்லையே என்ற நிம்மதி அந்த அழுகைக்குள்ளும் இருந்தது.

தபால் வண்டிப் படம் பார்த்துவிட்டு நாம் நடந்தே வீடு திரும்பினோம். காலை இழுத்து இழுத்து வந்த உங்களுக்காக என் நடையைக் குறைத்துக்கொண்டேன். பிறகு அதுவே என் நடையாகிவிட்டது. "ஏம்மா இவ்வளவு மெதுவா வர்றே, முட்டி வலியா?" என்று மகள் கேட்கிறாள். வலியெல்லாம் ஒன்றும் இல்லை.