தெளிய வைத்த தண்ணீர்

சேசு மரி சூசை துணை

சாக்கோட்டை
18.1.2025

அன்பு மருமகள் ஜெசிக்கு,

மாமா சூசைமரியான் எழுதுவது. அத்தையும் நானும் நலம். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று அவள் கேட்கச் சொன்னாள். வரிசைப்படுத்தாமல் எனக்கு எழுத வராது. ஆகவே:

1. ஊருணித் தண்ணீர்.
2. உன் இரும்புத் தூள்.
3. நீ இங்கே வருவது.

முதலாவது. மழையில் கோழிப் பண்ணைக் கழிவு இந்த முறையும் ஊருணிக்குள் வந்துவிட்டது. அதில் ஹார்மோன் கலந்திருக்கிறது என்றால் யாரும் நம்பவில்லை. ஊருணிக் காரியங்களைப் பார்க்கும் தண்டாயுதபாணியிடம், உன் தூளை அதிலேயே போட்டுப் பார்க்கலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். "செருப்புக் காலோட நாங்க படியில எறங்கமாட்டோம். நீங்க இரும்பக் கொண்டாந்து கொட்டுவீகளா, வாத்தியாரே?" என்றார். நியாயம்தான் என்று திரும்பிவிட்டேன்.

இரண்டாவது. ஆகவே நீ சொல்லியிருந்தபடி கொல்லையில் இரண்டு சிமெண்டுத் தொட்டிகள். இரண்டிலும் ஊருணித் தண்ணீர்; ஒன்றில் மட்டும் தூள். கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நுணுக்கிய இரும்பு ஹார்மோனை உடைத்துவிடும் என்று அத்தைக்கு விளக்கினேன். "துருப்பிடிக்கிற இரும்புக்கு அம்புட்டு ரோசமா?" என்றாள். சனிக்கிழமைதோறும் செக்காலைக்குப் போய்ப் பாட்டில்களைக் கூரியரில் போடுகிறேன். உன் ஆராய்ச்சிப் பட்டம் இதில் நிற்கிறது என்று நினைத்தால் மூடியை மறுபடி மறுபடி திருகிப் பார்க்கிறேன். சரியாகத்தான் செய்கிறேனா, தெரியவில்லை.

மூன்றாவது. பிரபு போய் இரண்டு வருடம் ஆகப்போகிறது. மகன் இல்லாத வீட்டுக்கு மருமகள் மாதாமாதம் வருவது எங்களுக்கு ஆறுதல். ஆனால் உனக்கு வயது முப்பதுதான். யோசித்து எழுதுகிறேன்: தண்ணீர் வேலை இருக்கும்வரை வா. அது முடிந்தபின் எங்களுக்காக நீ வர வேண்டியதில்லை.

ஆசிகளுடன்,
சூசைமரியான்

*

சென்னை
20.3.2025

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். நேரத்துக்குச் சாப்பிடுகிறேன் என்று அத்தையிடம் பொய் சொல்லிவிடுங்கள்.

முடிவுகள் வந்துவிட்டன. நல்ல செய்தி இல்லை, மாமா. தூள் போட்ட தொட்டியிலும் போடாத தொட்டியிலும் ஹார்மோன் ஏறக்குறைய இல்லவே இல்லை. உடைப்பதற்கு ஒன்றுமில்லாத தண்ணீரை வைத்துக்கொண்டு, தூள் வேலை செய்தது என்று நான் எப்படிக் காட்டுவது? சாக்கோட்டையை விட்டுவிட்டு வேறு இடம் பார்க்கச் சொல்கிறார் பேராசிரியர்.

டிசம்பரில் நானே படியில் இறங்கி எடுத்த தண்ணீரில் நிறைய இருந்தது. இப்போது நீங்கள் அனுப்பிய பாட்டில்கள் கண்ணாடிபோலத் தெளிந்திருக்கின்றன. ஊருணித் தண்ணீர் அப்படி இருக்காதே. எதிலாவது வடிகட்டினீர்களா? கோபமில்லை. காரணம் தெரிந்தால் போதும்.

மூன்றாவதாக நீங்கள் எழுதியிருந்ததற்கு இப்போது பதில் எழுத வரவில்லை.

உங்கள்,
ஜெசி

*

சாக்கோட்டை
27.3.2025

அன்பு ஜெசிக்கு,

வடிகட்டவில்லை. தேற்றாங்கொட்டை உரைத்தேன்.

ஊருணியிலிருந்து எடுத்துவந்த தண்ணீர் செம்மண் கலங்கலாக இருந்தது. விருந்தாளிக்குக் கலங்கிய தண்ணீர் கொடுக்கிற வழக்கம் இந்த வீட்டில் இல்லை. அதைச் சென்னைக்கு, உன் பேராசிரியர் பார்வைக்கு அனுப்ப எனக்கு வெட்கமாக இருந்தது. அத்தை குடிதண்ணீருக்குச் செய்வதுபோலவே பானையின் உள்பக்கம் கொட்டையை உரைத்து, மண் அடியில் படிந்தபின் மேல் தண்ணீரை மட்டும் தொட்டிகளில் ஊற்றினேன். ஒன்றுக்குச் செய்து ஒன்றுக்குச் செய்யாமல் விட்டால் தவறாகும் என்று இரண்டுக்குமே செய்தேன். அதை முறை என்று நினைத்தேன்.

மண்ணோடு ஒட்டியிருந்த ஹார்மோனும் மண்ணோடு அடியில் போயிருக்கும். அந்த வண்டலை வாழைக்கு ஊற்றிவிட்டேன். காலமெல்லாம் வேதியியல் நடத்தியவனுக்கு இது தோன்றவில்லை. கலங்கலோடு மறுபடி அனுப்பட்டுமா? பேராசிரியருக்கு நானே எழுதுகிறேன், பிழை என்னுடையதென்று.

சூசைமரியான்

*

சென்னை
12.6.2025

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்கள் யாருக்கும் எழுத வேண்டாம். தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு குளம் கிடைத்தது. கலங்கிய தண்ணீரிலேயே தூளைப் போட்டோம். ஹார்மோன் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. பட்டத்துக்கு அது போதும். தேற்றாங்கொட்டைக் கதையைச் சொன்னேன், பேராசிரியர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீங்கள் குனிந்து பானைக்குள் உரைத்துக்கொண்டிருப்பதுதான் தெரிந்தது.

சாக்கோட்டை வேலை முடிந்துவிட்டது. இனி வர வேண்டியதில்லை என்று நீங்கள் முன்பே எழுதிவிட்டீர்கள். நான் தண்ணீருக்காக வரவில்லை, மாமா. அதை மார்ச்சிலேயே எழுதியிருக்கலாம். அழுகை வந்தது, எழுதவில்லை.

அடுத்த மாதம் அறையைக் காலி செய்கிறேன். புதிய முகவரி அனுப்புகிறேன். அத்தையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜெசி

*

சாக்கோட்டை
3.11.2025

அன்பு ஜெசிக்கு,

புதிய முகவரி இன்னும் வரவில்லை. பழையதற்கே போடுகிறேன், யாராவது உன்னிடம் சேர்ப்பார்கள்.

நேற்று கல்லறைத் திருநாள். பிரபு கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்து, செவ்வந்தி மாலை போட்டோம். அத்தை உனக்கும் சேர்த்து மெழுகுவர்த்தி வாங்கியிருந்தாள். பாதிரியார் கல்லறைகளை மந்திரித்து முடிந்து எல்லாரும் கலைந்த பிறகும் நான் வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. "வரவேணாம்னு எழுதிப்புட்டு இப்ப யாரைத் தேடுறீக?" என்றாள். உன் மெழுகுவர்த்தியை அவளே ஏற்றி வைத்தாள்.

உன் வாழ்க்கையை மறிக்கக் கூடாது என்று நினைத்தேன். நல்லதைத்தான் முறையாக எழுதுகிறேன் என்று நம்பினேன். உன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஜனவரிக் கடிதத்தில் மூன்றாவதாக எழுதியது தவறு.

மாமா