காட்டுப்பன்றி வருடத்து வாழ்த்து அட்டை

டிசம்பர் 2, 2009. மத்சுயாமா

வாழ்த்து அட்டை நோட்டை எடுத்தேன். ஜப்பானில் யார் வீட்டில்தான் இந்த நோட்டு இல்லை? ஒவ்வொரு பெயருக்கும் வருடத்துக்கு இரண்டு கட்டம். புத்தாண்டுக்கு நான் அனுப்பினேனா, அவர்கள் அனுப்பினார்களா. அனுப்பினால் வட்டம், இல்லையென்றால் பெருக்கல் குறி.

கல்லூரியில் பதினெட்டு வருடமாக ஆட்டக் கோட்பாடு நடத்துகிறவள் நான். சும்மா இருப்பேனா? இதற்கும் ஒரு விதி வைத்திருக்கிறேன்: முதலில் நல்லவளாக இரு. பிறகு எதிராளி போன தடவை என்ன செய்தாளோ அதையே செய். அறுபத்து மூன்று பேரும் இந்த விதிப்படிதான் ஓடுகிறார்கள்.

ஹாருயோவின் வரிசை: 2007, காட்டுப்பன்றி வருடம், நான் வட்டம், அவள் பெருக்கல். அடுத்து வந்த எலி, எருது இரண்டு வருடமும் இருவருமே பெருக்கல்.

சரி. அடுத்த பெயர்.

டிசம்பர் 6

அடுத்த பெயருக்குப் போக முடியவில்லை.

ஹாருயோவும் நானும் ஹிரோஷிமா கல்லூரி விடுதியில் நாலு வருடம் ஒரே அறை. எனக்குக் காமாலை வந்தபோது கஞ்சி வைத்து ஊட்டினவள். கல்யாணமாகி ஓனோமிச்சிக்குப் போனபிறகு எங்களுக்குள் புத்தாண்டு அட்டை மட்டும்தான். அவளும் அவள் வீட்டுக்காரர் குனிஹிகோவும் சேர்ந்து கையெழுத்துப் போட்டு வரும். எப்போதும் இரண்டு பெயர்.

"போன் பண்ணேன்" என்றார் தோகுஜி. என் வீட்டுக்காரர், முப்பத்தொரு வருடம் தபால் பை சுமந்து ஓய்வு பெற்றவர்.

"ஏன், அவளுக்கு விரல் இல்லையா?"

"எழுதினவ ஏட்டைக் கெடுத்தா. அந்த நோட்டைத் தூக்கிப் போடு முதல்ல. வராத கடுதாசிக்கு ஆயிரம் காரணம் இருக்கும், டீச்சரம்மா."

டிசம்பர் 11

வகுப்பில் எல்லாரையும் அவரவர் உறவுகளைப் புள்ளியும் கோடுமாக வரையச் சொன்னேன். நானும் கரும்பலகையில் என் படத்தைப் போட்டேன். அக்காவுக்கும் எனக்கும் நடுவே ஆறு வழி. ஒன்று அறுந்தால் இன்னொன்றில் சேதி வரும். ஹாருயோவுக்கு ஒரே கோடுதான். எங்கள் இருவருக்கும் பொதுவாக ஒரு ஆள்கூட மிச்சமில்லை.

அப்படியானால் அவளுக்கு ஏதாவது ஆகியிருந்தால்?

சே. என்ன நினைப்பு இது.

டிசம்பர் 16

இன்று பாடம், இதே விதியின் ஓட்டை. ஒரு சேதி தவறிப்போனால் போதும். அவள் செய்யாததால் நான் செய்யவில்லை, நான் செய்யாததால் அவள் செய்யவில்லை — சாகும்வரை மாறி மாறித் தண்டனை. இருவரும் நல்லவர்கள்தான், ஆனாலும். மருந்து என்ன? மூன்றில் ஒரு முறையாவது காரணம் கேட்காமல் மன்னித்துவிடு. வருடாவருடம் சொல்கிற பாடம்தான். இன்று சொல்லும்போது இரண்டு தடவை மூக்கைச் சிந்தினேன். பிள்ளைகள் சளி என்று நினைத்திருப்பார்கள்.

டிசம்பர் 20

பகடை போட்டேன். ஐந்தோ ஆறோ விழுந்தால் அனுப்புவது, இல்லாவிட்டால் இல்லை. அதுதான் மூன்றில் ஒன்று.

நாலு விழுந்தது.

மேசை ஆடியது. அதனால் மறுபடி போட்டேன். இரண்டு. மறுபடி — ஒன்று.

தோகுஜி ஆரஞ்சு உரித்துக்கொண்டே பார்த்தார். "ஆறு விழற வரைக்கும் போடப் போறியா?"

"ஆமா."

"அப்ப அதை ஏன் உருட்டற?"

வரப்போகும் வருடத்துப் புலிப் படம் போட்ட அட்டையில் எழுதினேன்: 'நீ அனுப்பவில்லை என்று நானும் நிறுத்தினேன். என் அற்பத்தனம். நீங்கள் இருவரும் எப்படி இருக்கிறீர்கள்?'

டிசம்பர் 24

தபாலில் போட்டாயிற்று.

ஜனவரி 1, 2010

காலையில் ரப்பர் வளையம் போட்ட கட்டு வந்தது. ஐம்பத்தேழு அட்டைகள். இரண்டு தடவை பார்த்தேன். அவளுடையது இல்லை.

தோகுஜி என் சூப்பில் இன்னொரு அரிசி உருண்டையைப் போட்டார்.

ஜனவரி 4

போன். "ஒரியே?" என்று என் பெயர். "நான்தான்டி, ஹாருயோ."

முப்பது வருடம் கழித்தும் அதே மூக்குக் குரல்.

"நீங்கள் இருவரும்னு எழுதியிருந்த. அப்பதான் புரிஞ்சுது, உனக்குத் தெரியாதுன்னு. அவர் இல்லடி. மூணு வருஷத்துக்கு மேல ஆச்சு. காட்டுப்பன்றி வருஷத்துக்கு முந்தின அக்டோபர்ல."

போனை வைத்தபிறகுதான் உறைத்தது. அந்தக் காட்டுப்பன்றி வருடம் இழவு வீட்டுக்குப் புத்தாண்டு வாழ்த்து அனுப்பியிருக்கிறேன்! இங்கே பச்சைப்பிள்ளைகூடச் செய்யாது. அதில் என்ன எழுதினேன் என்பதும் நினைவிருக்கிறது. குடையோடு குளிக்கப் போகும் ஒரு பன்றியை வரைந்து, 'உன் வீட்டுக்காரரை இழுத்துக்கொண்டு வா, தோகோ வெந்நீர் ஊற்றில் ஊறப் போடுவோம்' என்று.

ஊறப் போடுவோம். ஐயோ. எனக்குக் கை விளங்காமல் போயிருக்கக் கூடாதா?

ஜனவரி 10

பஸ்ஸில் பாலங்களைத் தாண்டி ஓனோமிச்சி போய்வந்தேன். ஹாருயோவுக்கு முடி முழுக்க வெளுத்துவிட்டது. வாசலிலேயே என் கன்னத்தைக் கிள்ளி, "கிழவியாயிட்டடி" என்றாள்.

குனிஹிகோவுக்கு ஊதுவத்தி ஏற்ற மாடத்தின் முன் உட்கார்ந்தேன். அவர் படத்தின் மேல் சாய்ந்து நின்றது என் பன்றி. மூன்று வருடப் புகையில் பழுத்துப்போய்.

"அதை ஏன்டி இங்க வச்ச? கிழிச்சுப் போட்டிருக்கணும்."

"அந்த டிசம்பர்ல எல்லாருக்கும், புத்தாண்டு வாழ்த்து வேண்டாம்னு துக்க அட்டை அச்சடிச்சு அனுப்பினேன். உனக்கு மட்டும் கையால எழுதலாம்னு வச்சேன். எழுத வரல. ஒண்ணாம் தேதி உன் பன்னி வந்து நின்னுச்சு." சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "மத்தவங்க எழுதின எல்லாத்துலயும் அவர் செத்துப்போயிருந்தார். உன்னோடதுல மட்டும் வெந்நீர்ல குளிக்க வர்றதா இருந்தார். உன்கிட்ட சொல்லிட்டா அங்கயும் போயிடுவாரேன்னு..."

அடுத்த வருடம் என் அட்டை வராதபோது, எனக்கு எப்படியோ தெரிந்துவிட்டது, அதனால்தான் நிறுத்திவிட்டேன் என்று நினைத்தாளாம். அன்றைக்குத்தான் மறுபடியும் அழுதாளாம்.

அவள் மடியில் தலை வைத்து அழுதேன். ஆறுதல் சொல்லப் போனவள் நான். அவள் என் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

ஜனவரி 11

நோட்டை எடுத்துப் பழைய பெருக்கல் குறியை அழித்தேன். வட்டமும் போடவில்லை. அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை.

பிப்ரவரி 13

அடுத்த சனிக்கிழமை ஹாருயோ வருகிறாள். தோகோவில் அறை சொல்லப் போன் செய்தேன். நான், தோகுஜி, அவள். விடுதிப் பெண் இராச் சாப்பாடு எத்தனை பேருக்கு என்று கேட்டாள்.

நாலு பேருக்கு என்றேன்.