செல்வராசுவின் கிரைண்டரைப் பிரித்தோம்

செப். 25, வியாழன்
காலையிலிருந்து தூறல். செல்வராசு கம்பெனி கிரைண்டர் ஒன்று ஆர்.எஸ்.புரம் கடையில் வேறு ஆளை விட்டு வாங்கியாச்சு. முன்பு என் பார்ட்னர், இப்போது போட்டி. நானே போனால் அவனுக்குத் தெரிந்துவிடும்.
கோபி டீலர் மறுபடி போன். "நூறு ரூவா கொறச்சுக் குடுங்கண்ணா, தீவாளி சரக்கு மொத்தமும் உங்களுதுங்க. செல்வராசு அண்ணங்கிட்ட எடுக்கறத நிறுத்திப்போடறேன்." குறைத்தால் யாருக்குத் தாங்கும்? பிரித்துப் பார்த்தால்தான் தெரியும்.
சர்க்கரை மாத்திரை தீர்ந்தது.

செப். 26, வெள்ளி
ஒர்க்‌ஷாப் மேஜையில் பிரித்தோம். மகள் கவிதா ஒவ்வொன்றாக எடை போட்டு கம்ப்யூட்டரில் ஏற்றினாள். மோட்டார், பெல்ட், கல் எல்லாம் நாங்கள் வாங்கும் இடமேதான். டிரம் தகடு நம்முடையதைவிடக் கனம். ஷாஃப்டைத் தாங்கும் புஷ் இன்னும் பித்தளை. விலை குறைந்த நைலானுக்கு மாறலாம் என்று நான் சொன்னதற்குத்தானே பங்கைப் பிரித்துக்கொண்டு போனான்.
இறுக்கிய நட்டு ஒவ்வொன்றிலும் சிவப்பு பெயிண்ட் பொட்டு. வேலையாள் வைத்ததில்லை, அவன் கைதான். கொஞ்சம் இடப்பக்கம் இழுத்திருக்கும். கழற்ற மனசு வரவில்லை. ஸ்பேனரை கவிதாவிடம் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனேன்.

செப். 27, சனி
வெயில். கணக்கு முடிந்தது. விற்கும் விலை இரண்டு பேருக்கும் ஒன்று, அடக்கம் அவனுக்குத்தான் கூட. அவனுக்கு மிஞ்சுவது ஒன்றுமில்லை. "நூறு கொறச்சாப் போதும்ப்பா, இந்தத் தீவாளியோட சாத்திப்போடுவாங்க" என்றாள் கவிதா. சொன்னவள் ஷீட்டில் போட்டிருக்கும் தலைப்பு: 'நாம', 'மாமா'. பள்ளிக்கூடத்துக்கு அவன் ஸ்கூட்டரில் போனவள்.
நம் சர்வீஸ் புகார்களை எடுத்துப் பார்த்தேன். பாதி நைலான் புஷ் தேய்ந்ததுதான்.

அக். 1, புதன்
ஆயுத பூஜை. பொரி, கடலை, சந்தனம் ஆச்சு. பூசணிக்காய் வாசலில் கிடக்கிறது. உடைப்பது அவன் வேலை. அவன் போனதிலிருந்து வாட்ச்மேன் உடைக்கிறார், ஒரே போடில் உடைந்ததே இல்லை.
விலை குறைப்பதில்லை என்று கோபி டீலருக்குச் சொல்லிவிட்டேன். போன் கையில் இருந்தது, செல்வராசுவுக்கும் போட்டேன்.
"மாப்ள, பூசணிக்கா ஒடைக்க ஆளில்லடா."
"இன்னும் நைலான்தானா?"
"ஆமா."
"அப்ப நீயே ஒடச்சுக்க."
வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. பித்தளை எங்கே, என்ன விலைக்கு எடுக்கிறாய் என்று கேட்டேன்.
சொன்னான்.