கோழிக் கார் யாரோடது

ஜன. 4, ஞாயிறு

பனி. எதிர் வூடே தெரியலை. வூட்டுக்காரர் மூணு வருஷம் கழிச்சுக் குவைத்திலிருந்து லீவுல வர்ற நாள். மகளுக்குப் பரீட்சை, ஹாஸ்டல்லேர்ந்து வரலை.

செஞ்சது: காரைத் துடைச்சது. ஆயில் கலந்து பெட்ரோல். பின் சீட்டுக்குப் புது உறை. பிரியாணிக்குக் கறி ஊற வெச்சது.

மாமியும் நானும் ரயில்வே ஜங்ஷன் வாசல்ல காரை நிறுத்திக் காத்துக்கிட்டு இருந்தோம். இவர் வெளியே வந்தார். அம்மான்னு மாமி கையைப் பிடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிட்டார். என்னைப் பார்த்துத் தலையாட்டினார். அப்புறம் காரைப் பார்த்தார். போட்டோவுல பார்த்ததுதான். போன்ல சிரிச்சதுதான். நேர்ல பார்த்ததும் முகம் சுண்டிப்போச்சு.

"இதுலயா என்னை அழைக்க வந்தே?"

மெதுவாத்தான் கேட்டார். சுத்திமுத்திப் பார்த்துட்டு, பெட்டியை ஒரு ஆட்டோவுல ஏத்தி அதுலயே கிளம்பிட்டார்.

ஆட்டோவுக்குப் பின்னாடி கடைத்தெரு பூரா நானும் மாமியும். முன்னாடி ஒரு சக்கரம், பின்னாடி ரெண்டு. வலது பக்கம் ஒரு கதவு, இடது பக்கம் ரெண்டு. இப்படி ஒரு காரைப் பார்த்தா ஊரு சிரிக்கத்தான் செய்யும். ரெண்டு வருஷமா சிரிக்கிறாங்க, எனக்கு ஒண்ணும் ஆனதில்ல. இன்னைக்கு யாருமே சிரிக்கலை. ஆனா கூசிப் போச்சு. அதுதான் ஆத்திரம்.

பிரியாணி நல்லா வந்தது. "உப்பு சரியா இருக்குது"ன்னார். நான் சட்டியைக் கழுவப் போயிட்டேன்.

ஜன. 5, திங்கள்

வேலை. பீங்கான் கம்பெனியில சூளை திறந்த நாள், செக்கிங்ல எனக்கு முதுகு ஒடிஞ்சுது. பியூஸ் கட்டை ஒவ்வொண்ணையும் தட்டிப் பார்க்கணும், விரிசல் இருந்தா சத்தம் மந்தமா வரும். பொண்ணுங்க கேட்டாங்க, "அண்ணன் கார்ல ஏறினாரா?" ஆமான்னு பொய் சொன்னேன். பொய் சொல்ல வெச்சதுக்கும் சேர்த்துக் கோவம்.

நேத்திலிருந்து மனசுக்குள்ள இவருக்கு விளக்கம் சொல்லிக்கிட்டே இருக்கேன். இவர் நேர்ல கேட்கலை, அதனால இங்க எழுதறேன்.

போன லீவு முடிஞ்சு இவர் கிளம்பின கொஞ்ச நாள்ல, பெண்ணாடத்துல கூட வேலை செய்யற பொண்ணு வூட்டு விசேஷம். பக்கத்துல ஒரு கரும்புக்காரரோட கொட்டகை. கை கழுவப் போனவ எட்டிப் பார்த்தேன். வைக்கோலுக்கு நடுவுல இந்தக் கார். பின் சீட்டுல கோழி அடைகாத்துக்கிட்டு இருந்தது. அந்தக் கோழி என்னை முறைச்சுது. எனக்குச் சிரிப்பு. அப்படிச் சிரிச்சு எத்தனையோ நாளாயிருந்தது. கதவைத் திறந்து முன் சீட்டுல உட்கார்ந்தேன். ஸ்டீயரிங் கைக்கு அடக்கமா இருந்தது. கரும்புக்காரர் வந்து, "எங்கப்பா வாங்கினதுங்க, அவரு போனதுக்கு அப்புறம் கோழிக்குத்தான் ஆவுது"ன்னார். குஞ்சு பொரிச்சதும் எடுத்துக்கறேன்னு சொல்லிட்டு வந்தேன். யாரையும் கேட்கலை.

எங்க வூட்டுல இருக்கற கம்பளி, மிக்ஸி, சுவர்க்கடிகாரம், நான் போடற சென்ட்டு வரைக்கும் இவர் பார்த்து இவர் அனுப்பினது. குத்தம் சொல்லலை. எல்லாம் நல்ல சாமான். ஆனா நானாப் பார்த்து, நானா ஆசைப்பட்ட பொருள் இது ஒண்ணுதான்.

மெக்கானிக் செல்வராசு அண்ணன் முதல்ல என்னைப் பைத்தியம்னு நினைச்சார். ஆட்டோ சாமான்ல பாதி இதுக்குப் பொருந்துதுன்னு தெரிஞ்சதும் அவருக்கே பைத்தியம் பிடிச்சுது. ஓட ஆரம்பிக்க ஒரு வருஷம். ஊரு வெச்ச பேரு கோழிக் கார்.

மாமி ஆறு மாசம் ஏறலை. மானம் போவுதுன்னாங்க. ஒரு நாள் முட்டி வலியோட ஆட்டோ படியில கால் தூக்க முடியாம நின்னாங்க. இது தாழ்வா இருக்கும். அப்படியே உட்கார்ந்து காலை உள்ள இழுத்துக்கலாம். அன்னையிலேர்ந்து பின் சீட்டு அவங்களோடது. வெத்தலைப் பெட்டி அங்கயேதான் இருக்குது.

ஜன. 7, புதன்



ஷிப்டு முடிச்சு வரேன். வாசல்ல காயலான் கடைக்காரர். காரைச் சுத்திச் சுத்தி வந்து விரல் கணுவால தட்டறார். "இரும்பே இல்லியே பாய், பைபர்தானே"ன்னு இவர்கிட்ட குறை சொல்றார். இவர் கைலியை மடிச்சுக் கட்டிக்கிட்டு நிக்கறார்.

காருக்குள்ள, பின் சீட்டுல மாமி. கதவை உள்ளேயிருந்து பிடிச்சுக்கிட்டு.

"நான் இறங்கினாத்தானே எடுத்துக்கிட்டுப் போவான். இறங்கலை."

மதியச் சாப்பாடுகூட அங்கயேதானாம். பக்கத்து வூட்டுல தட்டு கொடுத்திருக்காங்க.

நான் காயலான் கடைக்காரரைப் பார்த்து, வண்டி என்னோடது, போயிட்டு வாங்கன்னேன். அவர் இவரைப் பார்த்தார். நான் சொன்னது காதுலயே விழாத மாதிரி இவர் முகத்துல பதிலைத் தேடினார். மறுபடியும் சொன்னேன். போனார்.

உள்ள வந்ததும் இவர் சொன்னது: கூட வேலை செய்யறவன் எல்லாரும் வூட்டுல வெள்ளைக் கார் நிறுத்தியிருக்கான். எனக்கும் ஒண்ணு வாங்கி நிறுத்தணும். இது நின்னா அது எங்க நிக்கும்?

வெள்ளைக் காரை யாரு ஓட்டறது, இவர் போனதுக்கு அப்புறம்னு கேட்டேன். டிரைவர் வெச்சுக்கலாமாம். எனக்கு ஓட்டத் தெரியுங்கறதே அவருக்கு இன்னும் உறைக்கலை.

ரசம் தீய்ஞ்சுது. அப்படியே ஊத்தினேன்.

ஜன. 9, வெள்ளி

ஜும்மாவுக்குப் போய் வந்தார். உளுந்து ஊறப் போடணும். சாவியை வேலைக்குக் கையோட எடுத்துக்கிட்டுப் போறேன். என் வூட்டுலயே திருடனுக்குப் பயப்படற மாதிரி.

ஜன. 12, திங்கள்

பொங்கல் நெருக்கம், கடைத்தெருவுல கரும்புக் கட்டு. கால் வைக்க இடமில்ல.

காலையில பஸ்ஸைப் பிடிக்கற அவசரத்துல சாவியை அடுப்பு மேடையில மறந்துட்டேன். சாயங்காலம் வந்தா காரைக் காணோம், மாமியைக் காணோம். தெருவுல நின்னேன். காயலான் கடைக்கு நடந்தே போயிடலாம்னு செருப்பு மாட்டறேன், டபடபன்னு அந்தச் சத்தம். வளைவுல திரும்பி வருது. இவர் ஓட்டறார்.

சேத்தியாத்தோப்புல மாமியோட தங்கச்சி வழுக்கி விழுந்துட்டாங்கன்னு போன். பஸ்ஸுல நிக்க இடமில்ல, ஆட்டோக்காரங்க வரலை. மாமிதான், "வாசல்ல கார் நிக்குது, நீ ஆம்பளை நிக்கறே, அப்புறம் என்ன?"ன்னு கேட்டிருக்காங்க. இவருக்கு ஸ்டார்ட் பண்ணத் தெரியலை. சோக்கை எவ்வளவு இழுக்கணும், எப்ப விடணும்னு மாமி பின் சீட்டுலேர்ந்து சொல்லிக் கொடுத்தாங்களாம். இத்தனை நாளா நான் செய்யறதைப் பார்த்துக்கிட்டே இருந்திருக்காங்க.

சின்ன மாமிக்கு எலும்பு முறியலை. சுளுக்குதான். அல்ஹம்துலில்லாஹ்.

இவர் இறங்கின விதம் வேற மாதிரி இருந்தது. சேத்தியாத்தோப்பு டீக்கடையில நிறுத்தினாராம். கூட்டம் கூடிடுச்சாம். லாரிக்காரர் ஒருத்தர் இறங்கி வந்து போட்டோ எடுத்துக்கிட்டாராம். ஒரு பெரியவர் பானெட்டைத் தூக்கிப் பார்த்துட்டு, இன்ஜின் எங்கப்பான்னு கேட்டாராம். பின்னாடி இருக்குதுன்னு இவர் காட்டினாராம். சாப்பிடும்போது பூரா இதேதான். நான் கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து இவர் இவ்வளவு பேசினதில்ல.

எனக்குச் சந்தோஷமா இருந்திருக்கணும். இருந்தது, கொஞ்ச நேரம்.

ஜன. 16, வெள்ளி

நாலு நாளா கார் இவர்கிட்டதான். காலை நாஷ்டா முடிஞ்சதும் கிளம்பிடறார். திட்டக்குடிக்கு ஒரு நாள், அணைக்கட்டு பார்க்க. வேலையே இல்லாம பஸ் ஸ்டாண்டுக்கு ரெண்டு தடவை. எனக்குப் பொங்கல் லீவு நேத்தோட முடிஞ்சுது, மாட்டுப் பொங்கலன்னைக்கே டூட்டி. நேரமாயிடுச்சேன்னு சாவி கேட்டேன். "நீ பஸ்ஸுல போயேன், நான் செல்வராசுவைப் பார்க்கணும்"ங்கறார். கம்பெனி எஸ்டேட்டு வரைக்கும் நடந்தேன். லாரிப் புழுதி. வழியில என் கார் ஹார்ன் அடிச்சுக்கிட்டு என்னைத் தாண்டிப் போச்சு. இவர் கை வேற காட்டினார்.

ஜன. 17, சனி

மீன் கடையில அந்தக்கா சொல்றாங்க: "உங்க வூட்டுக்காரர் அந்தக் காரைப் பெண்ணாடத்துல எங்கயோ தேடிப் புடிச்சாராமே. கோழி எல்லாம் விரட்டி எடுத்தாராமே. சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரு."

சங்கரா மீன் எடுக்கப் போனவ எதுவும் வாங்காம வந்துட்டேன்.

கோழியைக்கூட விட்டு வைக்கலை. அந்தக் கோழி குஞ்சு பொரிக்கிற வரைக்கும் காத்திருந்தவ நான். அதை விரட்டினேன்னு ஊருக்குச் சொல்றார்.

இவர்கிட்ட கேட்கலை. கேட்டா சும்மா பேச்சுக்குச் சொன்னேன்னுவார். பேச்சுலதானே எடுத்துக்கிட்டுப் போறாங்க எல்லாத்தையும்.

ஜன. 19, திங்கள்

ஷிப்டு முடிஞ்சு கம்பெனி கேட்டுக்கு வெளியே வந்தா, கார் நிக்குது. என்னை அழைக்க வந்திருக்கார். ஒரு நிமிஷம் மனசு இளகிடுச்சு. அப்புறம் பின் கண்ணாடியைப் பார்த்தேன். பெரிய சிவப்பு எழுத்துல ஸ்டிக்கர். சலீம். இவர் பேரு.

பொண்ணுங்க எல்லாரும் பின்னாடி நின்னாங்க. எல்லாரும் அதைப் படிச்சாங்க.

ஏறலை. நடந்தே வூட்டுக்கு வந்தேன். கார் பக்கத்துலயே ஊர்ந்து வந்தது. ஜரீனா, ஏறு, ஜரீனா, பார்க்கறாங்கன்னு இவர். பார்க்கட்டும்.

வூட்டுக்குள்ள வந்து கதவைச் சாத்திட்டுச் சொன்னேன். "ரெண்டு வருஷமா ஊரு சிரிச்சப்ப அது என் வண்டி. கைதட்டினதும் உங்க வண்டியாயிடுச்சா?"

ஸ்டிக்கர்தானேன்னு ஆரம்பிச்சார். மாமி, "வாயை மூடு"ன்னாங்க. மூடினார். அப்புறம் என்னைப் பார்க்காம, தண்ணிச் சொம்பைப் பார்த்துச் சொன்னார்.

"இந்த ஊர்ல என்னை யாருக்கும் தெரியாது, ஜரீனா. பள்ளிவாசல்ல பாதிப் பேருக்கு ஜரீனா வூட்டுக்காரர்னாத்தான் தெரியுது. லீவுல வரேன், விருந்தாளி மாதிரி இருக்கேன், போறேன். அந்த வண்டியை நிறுத்தினா நாலு பேரு வந்து பேசறாங்க. பேரு கேக்கறாங்க. அதான் எழுதிட்டேன்."

பொய் இல்ல அது. குரல்ல தெரிஞ்சுது. அதனாலயே இன்னும் எரிஞ்சுது. உண்மையைச் சொல்லிட்டா உடனே நான் ஆறிடணுமா? பாலைவனத்துல தனியாக் கிடந்தார், சரி. நான் இங்க எப்படிக் கிடந்தேன்? அந்தக் காருல ஏறி உட்கார்ந்த அன்னைக்கு எனக்கு ஏன் சிரிப்பு வந்துதுன்னு என்னைக்காவது கேட்டாரா?

இதை எல்லாம் சொல்லலை. சொன்னது: "உங்க தனிமைக்கு என் வண்டிதான் கிடைச்சுதா? ஸ்டிக்கரைப் பிய்ங்க."

மண்ணெண்ணெய் இல்ல. தேங்காய் எண்ணெய் போட்டுச் சுரண்டினார். கடைசி 'ம்' மட்டும் போகலை.

ஜன. 23, வெள்ளி

சாவி என் இடுப்புல. இவர் கேட்கலை. வாசல்ல நாற்காலி போட்டு உட்கார்ந்து காரைப் பார்த்துக்கிட்டே இருக்கார். பாவமா இருக்குது. பாவப்படறதும் எரிச்சலா இருக்குது.

செல்வராசு அண்ணன் வந்தார். ஞாயித்துக்கிழமை சிதம்பரத்துல பழைய கார் வெச்சிருக்கறவங்க எல்லாம் கூடறாங்களாம். பேரு கொடுத்துட்டாராம், என் பேரைத்தான். வேணாம்னேன். மாமி புதுப் புடவை எடுத்து வெச்சுட்டாங்க.

ஜன. 25, ஞாயிறு

வெயில். பனி விட்டுடுச்சு.

போக நான் ஓட்டினேன். மைதானத்துல பெரிய பெரிய கார். பளபளன்னு, நீளமா, படகு மாதிரி. நடுவுல நம்ம கோழி. ஆனா கூட்டம் பூரா இங்கதான். பசங்க சக்கரத்தை எண்ணறாங்க. மாமி பின் சீட்டுலேர்ந்து இறங்காம எல்லாருக்கும் பதில் சொல்லிக்கிட்டு இருந்தாங்க.

மைக் பிடிச்சவர் வந்தார். நேரா இவர்கிட்ட போய், "சார், இந்த வண்டி எப்படிக் கிடைச்சுது?"ன்னார். நான் பக்கத்துலதான் நிக்கறேன், சாவி கையில தெரியற மாதிரி.

இவர் வாயைத் திறந்தார். என்னைப் பார்த்தார்.

"வண்டி இவங்களோடது. இவங்கதான் கண்டுபிடிச்சாங்க. நான் சும்மா கிளீனர்."

ஒரே கைதட்டல். சிரிப்பு. மைக் பிடிச்சவர் இவர் தோள்ல தட்டி, இப்படி ஒரு மனுஷனான்னார். ஒரு அம்மா என் கையைப் பிடிச்சு, "குடுத்து வெச்சவங்க நீங்க"ன்னாங்க. எதுக்கு? என் வண்டியை என் வண்டின்னு சொன்னதுக்கா? கார் கொண்டு வந்தவங்களுக்குத் தர்ற கேடயத்தை என் கையில கொடுத்தாங்க. போட்டோவுல இவரை நடுவுல நிறுத்தினாங்க. உண்மையைச் சொல்லியும் கைதட்டலை இவரே வாங்கிட்டார். வேணும்னு செய்யலைன்னு தெரியுது. தெரிஞ்சு என்ன பண்றது?

திரும்பும்போதும் நான்தான் ஓட்டினேன். மாமி தூங்கிட்டாங்க. புவனகிரி தாண்டியாச்சு. ரெண்டு பக்கமும் அறுப்பு வயல். அப்புறம் இவர் சொன்னார், யாரும் கேட்காத அந்த ரோட்டுல, மெதுவா.

"மூணாவது கியர் எனக்கு விழவே மாட்டேங்குது. கறகறங்குது. நீ போட்டா சத்தமே இல்ல. எப்படிப் போடறே?"

சேத்தியாத்தோப்பு வர்ற வரைக்கும் நான் பதில் சொல்லலை. இவரும் திருப்பிக் கேட்கலை, காத்துக்கிட்டு இருந்தார். பாலத்துக்கு முன்னாடி ஓரமா நிறுத்தி இறங்கினேன். இந்தப் பக்கம் வாங்கன்னேன். வந்து உட்கார்ந்தார். முதல் கியர். ரெண்டாவது. இவர் கை உடனே கியர் குச்சிக்குப் போச்சு. தட்டி விட்டேன்.

"இப்பப் போடாதீங்க. இன்ஜின் சத்தம் மாறும். அது வரைக்கும் பேசாம கேளுங்க."

கேட்டார்.