உப்பில்லாத இரண்டு தட்டுகள்

ஜூன் 4

என் கண்டக்டரம்மாவுக்கு,

எனக்குத்தான் எழுதப் படிக்க வராதே, நான் சொல்லச் சொல்லக் கீழ்வீட்டுத் தையல்காரர் எழுதுகிறார். என் பேச்சைக் கொஞ்சம் இஸ்திரி போட்டுத்தான் எழுதுவாராம். எங்கேயாவது சுருக்கம் தெரிந்தால் அது என்னுடையது.

போனிலேயே பேசலாமே என்று மகள் கோபித்துக்கொண்டாள். பேசலாம்தான். நான்கு வார்த்தைக்குள் உனக்கு மூச்சு வாங்குகிறது. அந்தச் சத்தம் காதில் விழுந்தால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்குவதில்லை.

நுரையீரல் ரத்தக்குழாயில் அழுத்தம் என்று டாக்டர் சொன்ன அன்று, "அழுத்தக் கோளாறு எங்க வீட்டுக்காரருக்குத்தானே, எனக்கு எப்படி வந்துச்சு?" என்று கேட்டாய். பச்சைக் கரைப் புடவை, கையில் பாதி உரித்த ஆரஞ்சு. எல்லாம் எனக்கு அப்படியே நினைவில் இருக்கிறது. அவர் சிரித்துவிட்டு, நம் வீட்டு மூன்று மாடியும் ஏறக் கூடாது என்று சொன்னதும் இருக்கிறது.

அம்மா இனி என் வீட்டிலேயே இருக்கட்டும் என்கிறாள் மகள். நானும் வரலாமென்றால் அவள் கூடத்தில் இன்னொரு பாய் விரித்தால் கதவு திறக்காது. யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறேன். நீ ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா, அதை மட்டும் எழுது.

இப்படிக்கு,
உன் டிரைவர்


ஜூன் 15

என்னங்க,

தையல்காரர் அண்ணனுக்கு வணக்கம். அண்ணே, அந்தரங்கமாக ஏதாவது வந்தால் அவர் காதில் சொல்லிவிட்டு நீங்கள் மறந்துவிடுங்கள்.

மகளைக் குறை சொன்னால் என் வாய் அழுகிவிடும். அப்படிப் பார்த்துக்கொள்கிறாள். காலையில் எழுந்ததும் எடை மெஷினில் நிறுத்துகிறாள். உப்பு உடம்பில் தண்ணீரைப் பிடித்து வைக்குமாம், அது இதயத்துக்குப் பாரமாம். எடை சட்டென்று ஏறினால் ஆஸ்பத்திரிக்குச் சொல்ல வேண்டும். குடிக்கிற தண்ணீரும் பாட்டிலில் அளந்துதான்.

எட்டு மணிக்கு எல்லோரும் வேலைக்குப் போய்விடுகிறார்கள். அவள் உப்பில்லாமல் சமைத்து வைத்த டப்பாவைத் திறந்தால் வெந்த பஞ்சு மாதிரி இருக்கிறது. வயிறு நிறைந்தால் மூச்சும் முட்டுகிறது. இரண்டு வாயோடு மூடிவிடுகிறேன். சாப்பிடாவிட்டால் உப்பும் சேராது இல்லையா? எடை ஏறவே இல்லை, மகளுக்கு ஒரே சந்தோஷம். வளையல்தான் முழங்கை வரை ஓடுகிறது. செருப்புக்குள் கால் நுழையவில்லை, வெயில் வீக்கமாக இருக்கும்.

இதெல்லாம் அவளிடம் சொல்லிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் கண்டக்டர்


ஜூன் 24

கண்டக்டரம்மாவுக்கு,

சொல்லாதே என்றாய். சொல்லிவிட்டேன். உன் கடிதத்தை வாசித்து முடித்த கையோடு தையல்காரரை விட்டு மகளுக்குப் போன் போடச் சொன்னேன். "உங்கம்மா பட்டினி கெடக்குறா, காலு வீங்குது" என்றேன். அவள் டக்கென்று போனை வைத்துவிட்டாள். நீ என்னைத் திட்டு, தாங்கிக்கொள்வேன்.

இன்னொன்று. உன் கடிதம் வந்ததிலிருந்து நானும் உப்பில்லாமல்தான் சாப்பிடுகிறேன். முதல் நாள் கை தன்னால் ஊறுகாய் ஜாடிக்குப் போனது. ஜாடியைத் தையல்காரர் வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். அவர் காட்டில் மழை. நீ தனியாகச் சாப்பிடுவதாக நினைக்காதே.

இப்படிக்கு,
உன் டிரைவர்

தங்கச்சிக்குத் தையல்காரன் எழுதுவது: வாசித்துக் காட்டும்போது இந்த வரிகளை விட்டுவிட்டேன். அவருக்கு ஏற்கெனவே ரத்த அழுத்தம் குறைவு. நேற்று மாடிப்படியில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். உப்புப் போட்டுக் கஞ்சி குடிக்கச் சொல்லி டாக்டர் அதட்டினார். குடிக்கவில்லை.


ஜூலை 8

என்னங்க,

நீங்கள் போட்டுக்கொடுத்த வேகத்தில் மகள் என்னை அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். ஊசி போட்டுத் தண்ணீரை இறக்கினார்கள். மறுபடி மெஷினில் நிறுத்தினால் பாதிப் பெண்ணைக் காணோம். சதை கரையக் கரைய அந்த எடைக்குத் தண்ணீர் ஏறியிருக்கிறது. மகள் மெஷினைப் பார்த்தபடியே அழுதாள். பாவம், அவள் என்ன செய்வாள்.

சாப்பாட்டு முறை சொல்லித்தரும் பெண் ஒருத்தி வந்தாள். உப்பைத்தானே குறைக்கச் சொன்னோம், சோற்றை விடச் சொன்னது யார் என்று கேட்டாள். கொஞ்சம் கொஞ்சமாக ஆறு தடவை சாப்பிட வேண்டும். முட்டை, பருப்பு, ருசிக்கு எலுமிச்சையும் மிளகும் பூண்டும். நோய் போகாதாம். இருக்கிற நாளை நன்றாக வைத்துக்கொள்ளலாமாம்.

எனக்கு வந்த நோய்க்கு உங்களுக்கு எதற்குப் பத்தியம்? தலைசுற்றிப் படியில் விழவா? அண்ணே, அவர் தட்டில் நீங்களே ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுவிட்டு அடுத்த வரியை வாசியுங்கள்.

மகள் இங்கேயே இரு என்கிறாள். மூன்று மாடியை நினைத்தால் எனக்கும் அதுதான் சரியோ என்று தோன்றுகிறது.

இப்படிக்கு,
உங்கள் கண்டக்டர்


ஜூலை 17

கண்டக்டரம்மாவுக்கு,

தையல்காரர் துரோகி. இரண்டு நாள் பேசவில்லை. அப்புறம் கடிதம் எழுத ஆள் வேண்டுமே. உப்புப் போட்டுத்தான் சாப்பிடுகிறேன், போதுமா?

மாடி வீட்டைக் காலி செய்துவிட்டேன். கட்டடத்துக்குப் பின்னால் தண்ணீர் மோட்டாருக்குப் பக்கத்தில் சும்மா கிடந்த அறையைக் கேட்டு வாங்கினேன். கட்டில், அடுப்பு, நீ உட்கார்ந்தே சமைக்க உயரமான முக்காலி. ஜன்னலைத் திறந்தால் மேலே இருந்த வானம் இல்லை, சைக்கிள்களும் சுவரும்தான். ஆனால் வாசலில் ஒரு படிகூடக் கிடையாது.

வா என்று கட்டாயப்படுத்தவில்லை. அங்கே ஆஸ்பத்திரி பக்கம், இங்கே தூரம். யோசித்துக்கொள். நீ வராவிட்டால் இந்த அறை எனக்குப் பழகிவிடும். இதற்கு மேல் நான் சொன்னதைத் தையல்காரர் எழுத மாட்டேன் என்கிறார். வெட்கப்படுகிறார்.

இப்படிக்கு,
உன் டிரைவர்


ஜூலை 25

என்னங்க,

அண்ணன் எழுத மறுத்தது என்னவென்று எனக்குத் தெரியும்.

உங்களிடமே வருகிறேன் என்று சொன்னதும் மகள் கோபித்துக்கொண்டாள். நேற்றுத்தான் எடை மெஷினைத் துணியில் சுற்றி என் பையில் வைத்தாள். "அப்பாவுக்கு இதப் பாக்கத் தெரியுமா?" என்றாள். காலமெல்லாம் வேக முள்ளைப் பார்த்து ஓட்டினவருக்கு இந்த முள் தெரியாதா என்றேன். மாதா மாதம் டாக்டரிடம் வருவேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை கொண்டுவந்து விடுகிறார்.

எத்தனை வருஷம் என்று டாக்டர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இனி எனக்குக் கடிதம் வேண்டாம். நான் தட்டை வைத்துக்கொண்டு உட்காருவேன். நீங்கள் எதிரில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருங்கள், ஊர்வம்பானாலும் சரி. நான் பதில் பேச மாட்டேன். சாப்பிட்டுக்கொண்டிருப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் கண்டக்டர்