அணைத்தால் கிளம்பாத வண்டி

தோழி,

இன்று காலை அடுக்களைச் சாளரத்தின் வழியே டீசல் புகை நுழைந்தது. அடுத்த மனையில் அடித்தளம் தோண்டுகிறார்கள். மண் ஏற்றிச் சென்ற சரக்குந்து திரும்பவில்லை. மண் தோண்டும் வண்டியோ வேலையின்றி உறுமிக்கொண்டே நின்றது. நீ இருந்திருந்தால் அந்நேரமே செருப்பை மாட்டிக் கிளம்பியிருப்பாய்.

திருவட்டாற்றில் எனக்கென்று இந்த வீட்டைக் கட்டித் தந்த பொறியாளர் நீ. அன்று இதன் அடித்தளம் தோண்டும்போதும் வண்டி இப்படித்தான் வெறுமனே ஓடிக்கொண்டிருந்தது. மேடைகளில் சூழல் காக்கப் பேசிவந்த நான் ஓட்டுநரிடம் போய், காற்றுக்கு இழைக்கும் கொடுமை இது என்று முழங்கினேன். அவர் தம் காதைத் தொட்டுக் காட்டிச் சிரித்தார். நீ என் தோளைப் பிடித்து இழுத்தாய்.

“ஏட்டி, மேடையில கத்துத மாதிரி இங்க கத்துனா ஆருக்குக் கேக்கும்?”

இரு விரல்களை உயர்த்தி, சாவியைத் திருப்புவதுபோல் திருப்பினாய். அவர் அணைத்தார். ஆனால் சரக்குந்து வந்தபோது வண்டி கிளம்பவில்லை.

“இதுக்குத்தான் அக்கா நான் அணைக்காதது. பேட்டரி செத்த வண்டியாக்கும்.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நீயோ உன் மகிழுந்திலிருந்து சிவப்பும் கறுப்புமான இரு தடித்த கம்பிகளை எடுத்துவந்து, அவற்றால் சரக்குந்தின் மின்கலத்தை இதன் மின்கலத்தோடு இணைத்து வண்டியைக் கிளப்பினாய்.

அன்று மாலையே வண்டியின் உரிமையாளரிடம் பேசினாய். பொறி ஓடும் நேரத்துக்குத்தான் வாடகை. வெறுமனே ஓடினாலும் அவருக்கு வரவு. அவர் ஏன் புதிய மின்கலம் வாங்கப் போகிறார்? முழு வேலைக்கும் சேர்த்து ஒரே கூலி என்றாய். அவர் சினந்து வண்டியைக் கொண்டுபோய்விட்டார். மழை பெய்து என் அடித்தளக் குழி குளமாயிற்று. நான் புலம்பினேன், நீ அசையவில்லை. வேறெங்கும் வேலையில்லாத அந்த மழைக்காலத்தில் அவரே இசைந்து திரும்பி வந்தார், புதிய மின்கலத்தோடு. இனி வீணாகும் டீசல் அவருடையது அல்லவா!

“இனி இதுக்கு இங்க சோலி இல்ல. நீயே வச்சுக்கோ” என்று, வீடு முடிந்த நாளில், கம்பிகளை என் கதவின் பின்னால் மாட்டினாய்.

நீ மறைந்தபின் உன் முறையைப் பல மேடைகளில் எடுத்துரைத்தேன். கைதட்டினார்கள். தட்டிய கைகளே மறுநாள் பொறி ஓடும் நேரத்துக்கு வாடகை பேசி வண்டி பிடித்தன. அரங்கு அதிரப் பேசி வந்து, இந்த வீட்டின் கதவைத் திறக்கும்போது, எப்படிப் பேசினேன் என்று கேட்டுக் குறைசொல்ல ஆளில்லை.

இன்று நான் பேசவில்லை. வேலியோரம் நின்று இரு விரல்களைத் திருப்பிக் காட்டினேன். ஓட்டுநர் தலையசைத்து மறுத்து, மின்கலம் இருக்கும் இடத்தைச் சுட்டினார். புரிந்தது. உள்ளே போய், கதவின் பின்னால் தொங்கிய உன் கம்பிகளை எடுத்துவந்து உயர்த்திப் பிடித்தேன். அவர் சிரித்துக்கொண்டே அணைத்தார்.

புகை அடங்கிற்று. ஒலியும் அடங்கிற்று. என்னை ‘ஏட்டி’ என்று அழைக்க இவ்வூரில் இனி ஒருவருமில்லை. சரக்குந்து வரும்வரை, உன் கம்பிகளைக் கையில் பிடித்தபடி அங்கேயே நின்றிருந்தேன்.