மேற்கால கூடுதலாய் வந்த கதிர்கள்

வைகாசி, செவ்வாய். கிளிநொச்சி.

எங்கட துறைத் தலைவரை இனி 'சேர்' எண்டு கூப்பிட எனக்கு வாய் வராது.

மூண்டு மாதமாய் நானும் என்னோட வேலை செய்யிற ரிஸ்வானாவும் வளாகத்து மொட்டைமாடியில அண்டக் கதிர் எண்ணுறம். ஒரு கருவி மேற்கைப் பார்த்துச் சரிஞ்சு நிக்கும், மற்றது கிழக்கை. மேற்காலதான் கதிர் கூடுதலாய் வருது. பூமியின்ர காந்தம் கதிரை வளைக்கிறதால அப்பிடித்தான் வரவேணும்.

இண்டைக்குத் தலைவர் வரைபைப் பார்த்தார். "கதிர் எல்லாப் பக்கத்தாலயும் ஒரேமாதிரித்தானே பிள்ளை வரும்? மேற்குக் கருவி பழுது. ரெண்டையும் சமனாக்கிப் போடுங்கோ."

அவருக்கு முன்னாலயே ரெண்டு கருவியையும் இடம் மாத்தி வைச்சம். பழுதெண்டால் அந்தக் கூடுதல் எண்ணிக்கை கருவியோட சேர்ந்து கிழக்குக்குப் போகவேணும். பின்னேரம்வரை எண்ணினம். மேற்காலதான் கூட வந்தது.

"வெயில் பட்டிருக்கும்" எண்டார்.

ரிஸ்வானா சிரிப்பை அடக்கேலாமல் தண்ணித்தாங்கிக்குப் பின்னால போயிட்டாள். இந்த மனுசன் முப்பது வருசமாய்ப் பௌதிகம் படிப்பிக்குதாம்.

கொழும்புக்குப் போற அறிக்கையில சமனாக்கின இலக்கத்தைப் போட்டு, கீழ எங்கட ரெண்டு பேரின்ர பேரையும் போட்டிருந்தார். நான் என்ர பேரைப் பேனையால வெட்டினன். ரிஸ்வானா பேனையை வாங்கித் தன்ர பேரையும் வெட்டினாள்.

"உமக்குப் பயமில்லையோ?"

"இருக்கு அக்கா."

அவளின்ர வேலை இன்னும் நிரந்தரமில்லை. அடுத்த மாதம் நேர்முகம். கேள்வி கேக்கிறதும் இந்த மனுசன்தான். நான் அவளைத் தடுத்திருக்கவேணும். தடுக்க மனம் வரேல்லை.